ஐந்து வைனும் ஒரு ஏலக்காயும்

மகள் கொழும்பிலிருந்து போனில் அனுப்பிய சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தேன். விடைத்தாள் திருத்தித் திருத்தி வந்த பழக்கம்; தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியையின் கண்ணுக்கு எழுத்தில் எதுவும் லேசில் தப்பாது. எங்கள் கல்யாண நாளுக்கு அவள் வாங்கிக் கொடுத்த பரிசு அது. தெமோதரைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். ஒரு பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு வரலாம். மதியச் சாப்பாடு, தேயிலை மலையில் ஒரு நடை, பின்னேரத் தேநீர், எல்லாம் அதற்குள் அடக்கம். கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது: வழிகாட்டியுடன் வைன் சுவைத்துப் பார்த்தல், முக்கால் மணி நேரம்.

அந்த வரியை இரண்டாம் தரமும் வாசித்தேன்.

என் கணவர் குடியை விட்டு ஏழெட்டு வருடமாகிறது. அதற்கு முன்பு குடித்த குடி கொஞ்சநஞ்சமல்ல. நமுனுகுலப் பக்கம் தோட்டத்து லொறி ஓட்டிய காலத்தில் தொடங்கியது. பதுளை டவுனுக்கு வந்து சொந்தமாக ஆட்டோ வாங்கிய பிறகும் நிற்கவில்லை. கடைசியில் மஞ்சள் பூத்த கண்ணோடு ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். இனி ஒரு வாய் உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னது அவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வீட்டுக்கு வந்த வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டார். மாலையைக் கழற்றுகிற அன்றே சாராயத் தவறணைக்கு ஓடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். இவர் ஓடவில்லை. ஆனால் ஓடவே மாட்டார் என்று எனக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்?

மகளுக்கு போன் போட்டு விசாரித்தேன். அது பேக்கேஜோடு சேர்ந்தே வருவது, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்றாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "புள்ள காசு குடுத்திருக்கா, போய்த்தான் பாப்போமே," என்றார். அந்தப் "பாப்போமே" எனக்குப் பிடிக்கவில்லை. அப்பனும் மகளும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். பெற்ற பிள்ளையையே சந்தேகப்படும் அளவுக்கு நான் வந்திருந்தேன்; என்னை அப்படி ஆக்கியவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

காரணமில்லாமல் நான் சந்தேகப்படுகிறவள் இல்லை. எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய பொய் "குடிக்கல" என்பதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொல்வார். செருப்பைக் கழற்ற முடியாமல் தடுமாறிக்கொண்டே சொல்வார். ஒருமுறை வாசற்படியில் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே சொன்னார். ஆகவே காதால் கேட்டதை நம்புவதை நான் விட்டு ரொம்பக் காலம். மூக்கைத்தான் நம்பினேன். அவர் உள்ளே கால் வைத்ததும் கிட்டப் போய், முகத்தோடு முகம் வைத்து முகர்ந்து பார்ப்பேன். சாராயமா, பியரா, கசிப்பா, மத்தியானம் குடித்ததா, இப்போதுதான் குடித்ததா, கூடக் கடித்துக்கொண்டது கடலையா கருவாடா, எல்லாம் தெரிந்துவிடும். புதுப் போத்தலை உடைத்துக் குடித்தாரா, யாரோ மிச்சம் வைத்ததைக் குடித்தாரா என்பதுகூடத் தெரிய ஆரம்பித்தது. அவரும் சும்மா இருக்கவில்லை. கொய்யா இலை மென்றுகொண்டு வருவார், பச்சை வெங்காயம் கடித்துக்கொண்டு வருவார், ஒருநாள் பற்பசையைப் பிதுக்கி அப்படியே விழுங்கிவிட்டு வந்தார். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது ஏலக்காய்தான். ஏலக்காய் மணந்தால் அன்றைக்குப் பெரிய குடி என்று அர்த்தம்.

குடியை விட்ட பிறகு, முகத்தோடு முகம் வைத்துப் பார்ப்பது மெல்லமெல்லக் குறைந்தது. துவைக்கப் போடும் சட்டையை மட்டும் முகர்ந்து பார்ப்பது என்ற அளவில் நின்றது. நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் ஏலக்காய் நிற்கவில்லை. மாதத்தில் சில பின்னேரங்களில், ஆட்டோவை நிறுத்திவிட்டு அவர் உள்ளே வரும்போது அந்த வாசமும் கூடவே வரும். பாய்ந்து போய் முகர்ந்து பார்ப்பேன். ஏலக்காயைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அதுதான் எனக்கு இன்னும் பயம். இத்தனை சுத்தமாக மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் தடவிப் பார்ப்பேன், தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பார்ப்பேன். கேட்டால், வாய் நன்றாக இருக்கட்டுமே என்று போட்டேன் என்பார். யார் நம்புவது?

இந்த நிலையில்தான் நாங்கள் வைன் சுவைக்கப் போனோம்.

பதுளையில் ரயில் ஏறித் தெமோதரையில் இறங்கினோம். ஹோட்டல் வேன் வந்து நின்றது. கேட்காமலே வந்து நிற்கும் வேன் பிறகு பில்லில் வந்து நிற்கும் என்று நான் சொன்னேன். இவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அந்தச் சந்தோஷமும் எனக்கு ஒத்துவரவில்லை. கல்யாண நாள் என்று பாடுகிற ஆள் இல்லை அவர்.

பங்களா வாசலில் சீருடையும் பெல்ட்டும் போட்ட ஒருவர் கும்பிட்டு எங்களை உள்ளே விட்டார். நான் பிறந்த தோட்டத்தில் துரை பங்களாவின் முன் வாசல் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது; அங்கே வேலைக்குப் போனவர்கள்கூடக் குசினிப் பக்கமாகத்தான் போவார்கள். அதனால் அந்தக் கும்பிடையும் நான் முழுசாக வாங்கிக்கொள்ளவில்லை. உட்கார்ந்ததும் உயரமான கிளாசில் மஞ்சளாக ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இவர் கை நீட்டுவதற்குள் அவருடைய கிளாசை நான் வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். பேஷன்ஃபுரூட் ஜூஸ்.

"குடிக்கலாங்களா டீச்சர்?" என்று கேட்டார். கேலியோ கோபமோ வந்தால் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது, பருப்பில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். கை கழுவிவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மலையில் நடை இல்லை என்றார்கள். அதற்குப் பதிலாக வைனை முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். மழைகூட இவர் கட்சிதான் என்று நினைத்தேன். எனக்குத் தலை வலிக்கிறது, வேண்டாம், வராந்தாவிலேயே இருப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ இங்கேயே சாய்ந்து இரு, நான் மட்டும் போய்விட்டு வருகிறேன் என்றார். அதற்குப் பிறகு எங்கே தலை வலிப்பது? அவருக்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

துரைமார் சாப்பிட்ட நீண்ட மேசை. ஒரு பக்கம் எங்கள் வயதில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, அவர்களுக்குப் பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்திருந்த, புதிதாகக் கல்யாணமான இருவர், எதிர்ப் பக்கம் நாங்கள். ஆளுக்கு ஐந்து கிளாஸ் வரிசையாக இருந்தது. நடுவில் பளபளவென்று வாயகன்ற கலயம் ஒன்று. வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். பசறைப் பக்கத்து நம்ம ஆள். பல வருடம் கப்பலில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மற்றவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு எங்களுக்குத் தமிழில் திருப்பிச் சொன்னார். இவரிடம் எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேட்டு, இரண்டு நிமிடத்தில் இருவரும் ஏதோ ஒரு வழியில் சொந்தமாகிவிட்டார்கள். எனக்குப் பயம் கூடிவிட்டது. வெளி ஆள் என்றால் அளந்து ஊற்றுவான். நம்ம ஆள் உபசரிப்பான்.

முதலில் குடிக்கக்கூடாது என்றார் வழிகாட்டி. கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, என்ன வாசம் வருகிறது என்று சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு வாய். இவர் சுழற்றினார். மூக்கை விட்டார். கண்ணை மூடினார். என் கிளாசை நான் பார்க்கவேயில்லை, அவருடைய தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிக்கச் சொன்னபோது அவர் கிளாசைக் கீழே வைத்தார். ஆனால் கையை அதிலிருந்து எடுக்கவில்லை. விரல்கள் காம்பைப் பிடித்தபடியே இருந்தன. என்னுடையதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அவர் விரலைப் பிரித்து அவருடையதையும் வாங்கிக் குடித்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன் இதையெல்லாம் வாயில் வைத்ததில்லை. கரைத்து வைத்து மறந்துபோன புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. இதற்காகவா இந்த மனிதர் ஈரலைக் கொடுத்தார் என்று ஆத்திரமாக வந்தது.

கலயம் எதற்கென்று இரண்டாவது வைனில்தான் தெரிந்தது. கை கழுவ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, கையை விடவில்லை. வெள்ளைக்காரி வாயில் வைத்திருந்ததை அதில் பக்குவமாகத் துப்பினாள். அடுத்து அவள் கணவர். விழுங்க விருப்பமில்லாதவர்கள் அப்படித் துப்பலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று வழிகாட்டி எங்களுக்கு விளக்கினார். துப்புவதா? நாலு பேர் நடுவில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, அடுத்தவர் எச்சில் கிடக்கும் கலயத்தில்? என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படிச் செய்தால் வெளியே நிறுத்துவேன். வாயில் வைக்காமல் கிளாசிலிருந்தே அதில் கொட்டிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இவர் முன்னால் அதை விட்டு வைக்கவும் முடியாது. ஆகவே இரண்டாவதும் என் பங்கு, அவர் பங்கு இரண்டுமாக என் வயிற்றுக்குள்ளேயே போனது. அக்காவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லி, வழிகாட்டி எனக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நம்ம ஆளைப் பற்றி நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

மூன்றாவது சிவப்பு. என்ன வாசம் என்று கேட்டார். வெள்ளைக்காரர் ஏதோ பழத்தின் பேரைச் சொன்னார். கொழும்புப் பெண் பூ என்றாள். உள்ளே போயிருந்தது கொடுத்த தைரியத்தில் நானும் வாயைத் திறந்தேன். கராம்பு இருக்கிறது, மழையில் நனைந்த பலகை இருக்கிறது, அடியில் தோல் செருப்பு வாசமும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இந்தப் போத்தலை இன்றைக்குத் திறக்கவில்லை, நேற்றே திறந்து மூடி வைத்திருக்கிறீர்கள் என்றேன். ஏதோ குற்றம் கண்டுபிடித்த குரலில்தான் சொன்னேன். வேறு குரல் எனக்கு வராது. வழிகாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். போத்தலை எடுத்துத் தானும் முகர்ந்தார். நேற்றுப் பின்னேரம் வந்தவர்களுக்காகத் திறந்ததுதான் என்று ஒத்துக்கொண்டு, அதை மற்றவர்களுக்கும் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரி கை தட்டினாள்.

"அக்கா, இப்படி மோந்து பாக்க எங்க படிச்சீங்க?" என்று கேட்டார் வழிகாட்டி.

நான் பதில் தேடுவதற்குள் இவர் சொன்னார்: "வீட்டுலதாங்க. என் வாயிலதான் படிச்சா."

வழிகாட்டி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். எனக்கு முகம் எரிந்தது. வெட்கமா கோபமா என்றால் இரண்டும்தான். ஒருத்திக்கு இப்படியொரு மூக்கு வரவேண்டுமென்றால் எத்தனை பின்னேரம் அவள் வாசலில் நின்றிருக்கவேண்டும்? அதற்கு இங்கே கை தட்டுகிறார்கள். இவர் அதைச் சொல்லி என்னைக் குத்தினாரா, தன்னையே குத்திக்கொண்டாரா என்றும் விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், மூன்றாவது கிளாசைத் தானாகவே என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான்காவதை ஊற்றும்போது எழுந்தார். பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் போத்தல் அடுக்கிய அலமாரி ஒன்று இருப்பதை நான் வரும்போதே கவனித்திருந்தேன். பின்னாலேயே போகலாம் என்று பார்த்தேன். கால் சம்மதிக்கவில்லை. எழுந்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. என் நான்காவதையும் அவர் நான்காவதையும் குடித்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைச் சத்தத்தில் வழிகாட்டி பேசுவது தூரத்தில் கேட்டது. எந்த ஊர் திராட்சை, எந்த ஊர் வெயில் என்று என்னவோ சொன்னார். முகம் கழுவுகிற நேரம் போனது, குளிக்கிற நேரமே போனது மாதிரி இருந்தது. கடைசியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஏலக்காய் மணந்தது.

போச்சு என்று நினைத்தேன். ஏழெட்டு வருடமும் ஐயப்பன் மாலையும் ஆஸ்பத்திரியும், எல்லாம் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. நாலு பேர் முன்னால் அவர் வாயை முகர்ந்து பார்க்க முடியாது. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு இருந்தேன். ஐந்தாவது ஏதோ இனிப்பு வைன். அதையும் இரண்டு பங்காகக் குடித்தேன். அது என்ன வாசம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புறப்படும்போது வழிகாட்டி என் கையைப் பிடித்து, இந்த மூக்கு கப்பலில் இருந்தால் நல்ல சம்பளம் கிடைக்கும் என்றார். வேனில் அவர் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

தெமோதரை நிலையத்தில் பதுளைக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது. அவர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் வாங்கி வந்தார். நேராக நடந்து போனார், நேராக நடந்து வந்தார். அதையும் நான் பார்த்து வைத்துக்கொண்டேன். கொஞ்சம் குடித்தால் நேராக நடக்கத் தெரிந்தவர்தான். தண்ணீர் குடிக்கும்போது எனக்கு வேறொரு பயம் வந்தது. ரயிலில் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தாய் தகப்பன் யாராவது இருப்பார்கள். டீச்சர் குடித்துவிட்டு வந்தாள் என்று நாளைக்குத் தோட்டத்தில் லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு பேசுவார்கள். வாய் மணக்கிறதா என்று அவரிடமே கேட்டேன். அவர் சட்டைப் பையில் கையை விட்டு, ஒரு ஏலக்காயை எடுத்து நீட்டினார்.

"இத மென்னுக்க," என்றார்.

நான் ஏலக்காயைப் பிடிக்காமல் அவர் கையைப் பிடித்தேன். பங்களாவில் எழுந்து போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். முகம் கழுவினேன் என்றார். முகம் கழுவ அவ்வளவு நேரமா என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன் என்றார். அப்படியானால் இது எதற்கு, இத்தனை வருடமாகப் பையில் இது எதற்கு என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. சிக்னல் கம்பத்துப் பக்கம் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆச வர்றப்ப ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவேன்," என்றார். "தவறணப் பக்கம் ஹயர் போனா, குடிச்சவன் யாராச்சும் வண்டியில ஏறுனா, நாக்கு ஊறும். அது அடங்குற வரைக்கும் மென்னுக்கிட்டு இருப்பேன். இன்னக்கி ரெண்டு மென்னும் அடங்கல."

"ஏன் சொல்லல?"

"இன்னும் ஆச இருக்குன்னு தெரிஞ்சா நீ தூங்குவியா?"

ஏலக்காய் மணந்த ஒவ்வொரு பின்னேரத்தையும் அவர் குடித்த பின்னேரம் என்றே நான் மனதில் போட்டு வைத்திருந்தேன். இவர் சொல்வது உண்மையானால், அவை எல்லாமே அவர் குடிக்காமல் தப்பி வீட்டுக்கு வந்த பின்னேரங்கள். தப்பி வந்தவரைத்தான் வாசலில் மறித்து நான் முகர்ந்திருக்கிறேன். ஆனால் உண்மையானால்தானே? இதுவும் ஒரு புதுப் பொய்யாக இருக்கலாம். பொய் சொல்வதில் அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை.

பார்த்துவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். பட்டப்பகலில், ரயில்வே நிலையத்தில், முகத்தோடு முகம் வைத்தேன். அவரும் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்து மூச்சை விட்டார். முகர்ந்தேன். மறுபடியும் முகர்ந்தேன். வைன் மணந்தது. அது என் வாயா அவர் வாயா என்று பிரிக்க முடியவில்லை. நான் விட்ட மூச்சே எனக்குத் திரும்பி வந்தது. நேற்றுத் திறந்த போத்தலைக் கண்டுபிடித்த மூக்கு, எதிரில் இருந்த புருஷனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலைங்க. நீங்களே சொல்லுங்க."

"குடிக்கல," என்றார்.

ரயில் வரும் சத்தம் கேட்டது. அவர் கையிலிருந்த ஏலக்காயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், அந்த வார்த்தையை நான் காதால் கேட்டு நம்பியது அன்றைக்குத்தான்.